பொன்னாங்கண்ணி ஆபீசர்

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். அந்த மூலை பெஞ்சுக்குப் போகாதீங்க, அங்க ஃபேன் பேருக்குத்தான் சுத்துது. எனக்கு இந்த ஆஸ்பத்திரியில ஆறு மாசப் பழக்கமுங்க. எந்த நர்ஸு சொட்டு மருந்து விட்டா கண்ணு எரியும், எந்த நர்ஸு விட்டா எரியாது, அது வரைக்கும் அத்துப்படி.

உள்ள இருக்கறது எங்க ஊட்டுக்காரி. மரகதம். வலது கண்ணுல ஊசி போடறாங்க, இது அஞ்சாவது. கண்ணுக்குள்ளயே ஊசியான்னு மெரண்டுக்காதீங்க, மரத்துப்போக மருந்து விட்டுட்டுத்தான் போடுவாங்க. மொத ஊசியன்னிக்கு இதே பெஞ்சுலதான் நான் மயங்கி விழுந்தேன். அவ ஊசியைப் போட்டுக்கிட்டு, ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வெளிய வந்து, "அவருக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்க"ன்னாளாம். அத்தனை தைரியசாலிங்க நான்.

பேரு தெய்வசிகாமணி. கோபிப் பக்கமுங்க. வேளாண்மைத் துறையில முப்பத்தொரு வருசம் இருந்து ரிட்டயர்டு ஆனவன். நெல்லு, மஞ்சள், கரும்பு, எதுக்கு என்ன நோவுன்னு தோட்டத்துல கால வெச்சதுமே சொல்லிப்போடுவேன். அதாவது, சொல்லுவேன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். விவசாயிங்க என்ன நெனச்சாங்கன்னு தெரியாது. பேசி முடிச்ச கையோட மொபெட்டுல ஏறிருவேன். அவங்க பேசறதுக்கு நின்னு கேட்டதா எனக்கு ஞாபகமில்லீங்க.

சர்க்கரை எனக்குப் பதினாலு வருசமா. மாத்திரை வெடியால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. விரல்ல குத்திப் பாக்கற மிசின் ஒண்ணு ஊட்டுலயே இருக்குது. ஒரு நாள் தவறாமக் குத்தி நோட்டுல எழுதி வெச்சிருவேன். கண்ணை மட்டும் ஒரு நாளும் காட்டுனதில்லை. ஏனுங்கறீங்களா? பயம். காட்டப் போனா ஏதாச்சும் சொல்லிப்போடுவாங்களே!

போன ஆடியில என்ன ஆச்சுன்னா, எங்கூட வேலை பாத்த கருப்பண்ணனைப் பாக்கப் போனேன். அவனுக்கும் சர்க்கரை. வாசல்ல எந்திரிச்சு நின்னு, "வாப்பா மணி"ன்னு கையை நீட்டறான். நான் இந்தப் பக்கம் நிக்கறேன், கை அந்தப் பக்கம் போகுது. தூணைப் பாத்துச் சிரிக்கறானுங்க. சர்க்கரை ரெண்டு கண்ணையும் தின்னுபோடுச்சு. அவங்க ஊட்டுல குடுத்த காப்பியைக் குடிச்சனா குடிக்கலையான்னு தெரியாம எந்திரிச்சு வந்தேன்.

புத்தியுள்ளவன் என்ன பண்ணுவான்? மறுநாளே கண்ணாஸ்பத்திரிக்குப் போவான். நான் என்ன பண்ணுனேன்? மூணு நாள் செல்ஃபோனும் கையுமா உக்காந்து படிச்சேன். வீடியோவாப் பாத்தேன். அதுலதான் இந்த ஆன்டி ஆக்சிடன்ட் சமாச்சாரம் கெடச்சுது. செடி கொடியில இருக்கற சத்துங்க. இலைக்கு நாளெல்லாம் வெயில்ல நிக்கோணுமில்ல? அந்தச் சூட்டுல கருகிப் போகாம இருக்க, அதுவே ஒரு காப்பு தயார் பண்ணி வெச்சுக்குது. பச்சை, மஞ்சள், ஊதா, அந்த நெறமெல்லாம் சும்மா அழகுக்கில்லீங்க. நம்ம உடம்புல சர்க்கரை எச்சாப் போச்சுன்னா, கண்ணுக்குப் பின்னால இருக்கற பொடிசு பொடிசான ரத்தக்குழாயெல்லாம் இரும்பு துருப்புடிக்கிற மாதிரி கெட்டுப்போகுது. அந்தத் துருவை இந்த இலைச்சத்து தடுக்குமாம். தடுக்குதா, எத்தனை தடுக்குதுன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்கன்னும் அதே வீடியோவுல சொன்னாங்க. அந்த இடம் வரும்போது தள்ளி ஓட்டிட்டேன்.

அடடா, நான் வேளாண்மைக்காரன், என் துறையிலயே என் வைத்தியம் இருக்குதேன்னு ஒரே பூரிப்பு. வெடியால கூட நடக்கற சென்னியப்பன்கிட்ட மொதல்ல சொன்னேன். அவரு பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு. பஜ்ஜி இல்லாம அவருக்குப் பொழுது சாயாது. அவருக்கும் சர்க்கரைதான்.

"ஆக்சிடென்ட் ஆகாம இருக்க மருந்தா? இதை எங்க டிரைவருக்கில்ல குடுத்திருக்கோணும்!"ன்னாரு.

"அது ஆக்சிடென்ட் இல்லீங்க, ஆக்சிடன்ட்"டுன்னு நான் நடுரோட்டுல நின்னு எழுத்துக்கூட்டிச் சொல்லிக் குடுத்தேன்.

"என்னமோ போங்க. நான் வருசா வருசம் சித்திரையில கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு வந்துருவேன். நீங்களும் ஒருக்கா வாங்களேன், பொன்னாங்கண்ணி ஆபீசரே."

அன்னிக்கு வெச்ச பேரு. இன்னிக்கும் அதான் பேரு. எனக்கு அதுல பெருமை வேற.

ஊட்டுக்கு வந்து அட்டவணை போட்டேன். நாளுக்கொரு நெறம். திங்கள் பச்சை, பொன்னாங்கண்ணி. செவ்வாய் ஆரஞ்சு, பப்பாளியும் கேரட்டும். புதன் ஊதா, அதுக்கு நாவப்பழம். சீசன் முடிஞ்சதும் ஊதா முட்டைக்கோசு. வியாழன் முருங்கை. இப்படியே ஞாயித்துக்கெழம வரைக்கும். தெனமும் வெடியால நெல்லிக்காச் சாறுல மஞ்சத்தூள். தாளை ஃபிரிட்ஜ் மேல ஒட்டுனேன். பொன்னாங்கண்ணி தின்னாப் பகல்லயே நச்சத்திரம் தெரியும்பாங்களே, அதைச் செவப்பு மசியில எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஒட்டுனது நான். ஆஞ்சது, அலசுனது, அரைச்சது, வதக்குனது எல்லாம் அவ. பொன்னாங்கண்ணி இலை தெரியுமில்ல உங்களுக்கு? விரல் நகத்தளவு இருக்கும். ஒரு கட்டு ஆயறதுக்கு மொதல்ல அரை மணி நேரம் ஆகும் அவளுக்கு. அப்பறம் ஒரு மணி. அப்பறம் ரெண்டு மணி. மொறத்தை மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு இலையையும் விரல்ல தடவித் தடவிப் பாப்பா. எத்தனை பக்தியாச் செய்யறான்னு நான் நெனச்சேன். நடக்கறவங்க குரூப்புல சொல்லியும் காட்டுனேன்: "எங்க ஊட்டுல இலையோட பேசறாங்க."

அப்படி ஆஞ்சும் ஒரு நாள் பொரியல்ல புழு. நான் பயிர்ல புழுவைப் பாத்தே முப்பது வருசம் சம்பளம் வாங்குனவன். என் தட்டுலயே புழுவா? "இதுகூடத் தெரியாதா உனக்கு? கண்ணை எங்க வெச்சுட்டு ஆயற?"ன்னேன். தட்டை எடுத்துட்டுப் போனா. இன்னொரு நாள் நெல்லிச் சாறுல மஞ்சளுக்குப் பதிலா மொளகாத்தூள். நாக்குப் பொரிஞ்சு போச்சுங்க. வேணும்னே பண்றாளோன்னு தோணுச்சு. தெனம் தெனம் கீரையா ஆயச் சொன்னா எந்தப் பொம்பளைக்கும் கோவம் வருந்தானே.

ஆவணியில என் தங்கச்சி மகன் கல்யாணம். மண்டபத்து வாசல்ல தங்கச்சி சந்தனத் தட்டோட நிக்கறா. இவ நேரா அவளைத் தாண்டி உள்ள போயிட்டா! சிரிக்கலை, வாங்கலை, ஒண்ணுமில்லை. தங்கச்சி மூஞ்சி செத்துப் போச்சு. "அண்ணிக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுண்ணா. ஒறம்பரை, சொந்தபந்தம் முன்னால என்னைக் கண்டுக்காமப் போறாங்க"ன்னு அழுதா. திரும்பி வர்ற பஸ்ஸு பூராவும் நான் மரகதத்தைத் திட்டிக்கிட்டே வந்தேன். கோபி தாண்டி எங்க ஸ்டாப்பு வரைக்கும். "கூட்டத்துல தெரியலைங்க"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. "உனக்கு என் சனத்தைத் தெரியுமா எங்கயாச்சும்!"னு அதுக்கும் சேத்துத் திட்டுனேன்.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். புரட்டாசியில அவ எளைச்சுட்டா. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆகிப்போச்சு. ஒரு சொம்பு தண்ணியைக் கீழ வெக்காமக் குடிப்பா, ராத்திரி நாலு தடவை எந்திரிப்பா. பதினாலு வருசச் சர்க்கரைக்காரனுங்க நான். இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாதா? என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தீங்களா, கீரை தின்னதுல எங்க ஊட்டுல அஞ்சு கிலோ கொறைஞ்சுட்டாங்க!" குரூப்புல எல்லாரும் கை தட்டுனாங்க. சென்னியப்பன் மட்டும் தட்டலை. "ஒருக்கா ரத்தம் பாத்தா என்னங்க"ன்னாரு. பஜ்ஜி தின்னறவரு பேச்சை யாரு கேக்கறது?

கார்த்திகையில எங்க ஊர்க் கல்யாண மண்டபத்துல கண்ணு கேம்ப் போட்டாங்க. சென்னியப்பன் என் பேரை எழுதிக் குடுத்துட்டு வந்து, "வரலைன்னா ஆளைக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போயிருவேன்"னாரு. சரி, நம்ம கீரைக்கு ஒரு சர்டிபிகேட் ஆச்சுன்னு கெளம்புனேன். மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் பார்வை மங்கும், தொணைக்கு ஆள் வேணும்னாங்க. மரகதத்தைக் கூட்டிட்டுப் போனேன், என் கையைப் புடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வர்றதுக்கு.

வரிசையில உக்காந்து என்ன பண்ணுனேன்? லெக்சர் அடிச்சேன். முன்னால பத்துப் பேரு, பின்னால பத்துப் பேரு. பச்சை நெறம், ஊதா நெறம், துரு, காப்பு, எல்லாம். மருந்து விட்டுக் கண்ணை மூடச் சொன்னாங்க, மூடிக்கிட்டும் பேசுனேன். உள்ள ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. லைட் அடிச்சு மேல பாருங்க, கீழ பாருங்கன்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "ரெண்டு கண்ணும் நல்லா இருக்குங்க ஐயா"ன்னாங்க.

நான் மேசையத் தட்டுனேன். "பொன்னாங்கண்ணி!"

அந்தம்மா சிரிச்சாங்க. "கீரை நல்லதுதான், தாராளமாச் சாப்பிடுங்க. ஆனா அது சாப்பாடு. கண்ணுக்குள்ள எட்டிப் பாக்கற வேலையை அது பண்ணாது. மாத்திரையை ஒழுங்காப் போட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க, அதனால தப்பிச்சீங்க. இனி வருசம் ஒரு தடவை வந்துருங்க."

மாத்திரைக்குப் போய் எல்லாப் பேரும் போகுதேன்னு எனக்குச் சடைப்பு. இருந்தாலும் நல்ல சேதிதானே? மப்பு மப்பாத் தெரியுது, வாயெல்லாம் சிரிப்பு, சீட்டைக் கையில புடிச்சுக்கிட்டு வெளிய வர்றேன். மரகதம் கையைப் புடிச்சா. ரெண்டு பேரும் நடக்கறோம். மண்டபத்து வாசல்ல மூணு படி. எனக்கு மருந்து விட்டதுனால தெரியலை. அவ என்னைக் கூட்டிட்டுப் போறவ. அவளும் படி இருக்கறது தெரியாம நேராப் போறா. ரெண்டு பேரும் உருண்டோம்.

ஒரு நர்ஸுப் புள்ளை ஓடியாந்து தூக்கிச்சு. என்னை ஒரு பக்கம் உக்கார வெச்சுட்டு, மரகதத்தைக் கேக்குது: "ஏனுங்கம்மா, உங்களுக்கும் மருந்து விட்டாங்களா? தொணைக்கு யாரும் வரலையா?"

மரகதம் சீலையத் தட்டிவிட்டுக்கிட்டே சொல்றா: "எனக்கு ஒண்ணும் விடலையே கண்ணு. எனக்கு எப்பவும் இப்படித்தான்."

எப்பவும் இப்படித்தான். அந்தக் குரலு இருக்குது பாருங்க, மழை வருதுங்கற மாதிரிச் சொன்னா.

அந்தப் புள்ளை விடலை. அங்கயே விரல்ல குத்திப் பாத்துச்சு. முந்நூத்தி எண்பத்தாறு. மறுபடியும் குத்திச்சு. அதேதான். உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான் வெளிய நாக்காலியில உக்காந்திருக்கேன், கையில என் சீட்டு. 'நன்று'ன்னு எழுதியிருக்காம், மருந்து மப்புல எனக்குத்தான் எழுத்துத் தெரியலை. டாக்டரம்மா வெளிய வந்து பக்கத்துல உக்காந்தாங்க. எடது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு கெடக்குது. வலது கண்ணுல வீக்கம். சர்க்கரை வந்து ஏழெட்டு வருசமாச்சும் இருக்கும், யாரும் பாக்காம விட்டிருக்கீங்கன்னாங்க.

நான் கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுங்களா? சொல்ல வெக்கமா இருக்குது. "அவளும் அதே கீரையத்தானுங்க தின்னா?"ன்னேன்.

"அதே கீரையத்தான் தின்னாங்க, ஐயா. மாத்திரை தின்னலையே."

அவங்க பாட்டுக்கு எந்திரிச்சு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டாங்க. கருப்பண்ணன் தூணைப் பாத்துச் சிரிச்சதுதான் எனக்குக் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. சென்னியப்பன்தான் ஆட்டோ புடிச்சு எங்க ரெண்டு பேரையும் ஊட்டுல எறக்கி விட்டாரு. ஒரு வார்த்தை கேலி பண்ணலை. பண்ணியிருந்தாத் தேவலையா இருந்திருக்கும்.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் மரகதம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேனுங்களே. மூணு தடவை சொன்னேன். மொதத் தடவை, வெள்ளெழுத்து, வயசானா அப்படித்தான்னீங்க. ரெண்டாந் தடவை, டிவி பாக்கறதைக் கொறைன்னீங்க."

"மூணாந் தடவை?"

"கேரட்டை எச்சாக் குடுத்தீங்க."

சிரிச்சுப்போட்டேனுங்க. அவளும் சிரிச்சா. பொறகு நான் சிரிக்கலை.

நாலாவது ஒண்ணு இருக்குது. அதை அவ சொல்லலை. மறந்துட்டாளா, மறந்த மாதிரி விட்டுட்டாளா, தெரியலை. எங்க பொண்ணு கோகிலவாணிகிட்டக்கூட நான் இதைச் சொன்னதில்லை. நீங்க யாரோ எவரோ, அதனால சொல்றேன். புரட்டாசியில ஒரு நாள் நான் விரல்ல குத்திக்கிட்டிருக்கேன். அவ வந்து நின்னு, "எனக்கும் ஒருக்காக் குத்திப் பாருங்களேன், என்னமோ அசதியாவே இருக்குது"ன்னு விரலை நீட்டுனா. ரத்தச் சொட்டு வெச்சு மிசின்ல சொருகற ஸ்ட்ரிப்பு, டப்பாவுல ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு. "நாளைக்கும் நாளான்னிக்கும் எனக்கு வேணும். உனக்கென்ன கேடு, நீதான் தெனமும் கீரை திங்கறியே"ன்னேன். நீட்டுன விரலை மடக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

ஒரு ஸ்ட்ரிப்புங்க. ஒரு சொட்டு ரத்தம். மறுநாள் ஒண்ணை எனக்குக் குத்துனேன், நூத்தி இருபத்தெட்டு. பிரமாதம்னு நோட்டுல எழுதுனேன். அந்த நோட்டு இன்னும் இருக்குது.

அதுக்கப்பறம் என்ன, இந்த ஆஸ்பத்திரிதான். மொதல்ல சர்க்கரையை எறக்குனாங்க. எடது கண்ணுல லேசர் வெச்சாங்க, மூணு தடவை. அது இருக்கறதைக் காப்பாத்தறதுக்குத்தான், போனது திரும்பாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. அந்தக் கண்ணுல ஆளு நெழல் தெரியுது, மூஞ்சி தெரியலை. வலது கண்ணுக்கு மாசம் ஒரு ஊசி. மொதல்ல போர்டுல மேல இருக்கற ஒத்தைப் பெரிய எழுத்து மட்டுந்தான் தெரிஞ்சுது. இன்னிக்கு வெடியால நாலாவது வரி வரைக்கும் படிச்சா. நான் பின்னால நின்னு ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை அசைச்சேன். "ஐயா, நீங்க வெளிய இருங்க"ன்னு தொரத்திப்போட்டாங்க.

இப்ப மிசின் அவளுக்குத்தான் மொதல்ல. குத்தறது நான். அவ விரலு எப்பவும் சில்லுன்னு இருக்கும், அது எனக்கு இந்த ஆறு மாசத்துலதான் தெரியும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசமாச்சுங்க. தங்கச்சி ஊட்டுக்கும் போயி வெவரம் சொல்லிட்டு வந்தேன். அவ அழுதா. அண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டா. எங்கிட்ட மட்டும் இன்னும் சரியாப் பேசறதில்லை. நாயந்தானே.

கீரை இன்னும் உண்டுங்க. விட்டுருவனா? எனக்கு என்னமோ என் கண்ணு தப்பிச்சதுல பொன்னாங்கண்ணிக்கும் ஒரு பங்கு இருக்குதுன்னுதான் படுது. மரகதம் முன்னால மட்டும் இதைச் சொல்லமாட்டேன். சென்னியப்பன் முன்னாலயும். டாக்டரம்மா முன்னாலயும். நெதானமா யோசிச்சா... ஆ, கதவு தொறக்குது. வந்துட்டா, வந்துட்டா. இருங்க.

மெதுவா, மெதுவா. இந்தா, கையக் குடு. எரியுதா? இல்லையா? அந்த எரியாத நர்ஸு விட்டாங்களா? நல்லது. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? வீக்கம் நல்லா வத்தியிருக்குதா! அப்பாடா. அடுத்த மாசம் வரோணுமா? வருவோம், வருவோம். உக்காரு கொஞ்சம். கோபி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது.

என்னது? இவங்களா? இங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. பேசிட்டிருந்தோம். ஆமா, ரொம்ப நேரமா. பேரா? பேரு வந்து... யாருக்குக் கண்ணு நோவுன்னா... அது...

பாத்தீங்களா, சிரிக்கறா. சிரிக்கட்டும். இத்தனை நேரம் உங்களை ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க நான். நீங்க ஊட்டுக்காரரோட வந்தீங்களா, உங்களுக்கே காட்டறீங்களா, எத்தனை வருசமாச் சர்க்கரை, ஒண்ணும் கேக்கலை. கையில சீட்டை வெச்சு மடிச்சு மடிச்சுக் கசக்கிட்டிருக்கீங்க, அதையும் இப்பத்தான் பாக்கறேன்.

இல்லீங்க, எந்திரிக்காதீங்க. பஸ்ஸு போனாப் போகட்டும், அடுத்தது இருக்குது. மரகதம், நீயும் இப்படி வா.

சொல்லுங்க. நீங்க சொல்லுங்க.